உப்புப் பார்த்த இருபது புரட்டாசி

எனக்கு வாய் நீளம். கோபம் அதைவிட நீளம். கல்மண்டபத்தில் தையல்கார ஐரீன் வீடு எது என்று கேட்டுப் பாருங்கள், "சத்தம் வர்ற வூடு" என்று கையைக் காட்டுவார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்ல வந்தது என் பக்கத்து வீட்டு முத்தம்மாவின் கதை. அவளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்றைக்கும் குரல் ஏறிவிடும்.

முத்தம்மா எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் பிறந்தவள். கடலுக்குப் போகிற குடும்பம். கல்யாணமாகி எங்கள் சந்துக்கு வந்தாள். அவள் புருஷன் தண்டபாணி அண்ணன் காசிமேட்டில் விசைப்படகுக்குப் போய்க்கொண்டிருந்தார். இவள் கல்மண்டபம் சாலையோரத்தில் ஒரு தள்ளுவண்டி போட்டு மீன் குழம்புச் சோறு விற்றாள். துறைமுகத்து லாரி டிரைவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், ஐஸ் ஃபேக்டரி ஆட்கள் எல்லோரும் மதியம் ஒரு மணிக்கு அந்த வண்டியைச் சுற்றித்தான் நிற்பார்கள். அவள் அதிகம் பேசமாட்டாள். கரண்டியைச் சட்டியின் விளிம்பில் ஒரு தட்டு தட்டினால் குழம்பு தயார் என்று அர்த்தம். அவ்வளவுதான் அவள் விளம்பரம்.

இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு புரட்டாசியில் தண்டபாணி அண்ணன் போன படகு திரும்பி வரவில்லை. இன்ஜின் நின்றுபோய் படகு நீரோட்டத்தில் எங்கோ போய்விட்டது. ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, பதினோரு நாள். முத்தம்மா அழவில்லை. "அவர் வந்துட்டாருன்னா, நான் சாவுற வரைக்கும் புரட்டாசில மீன நாக்குல வெக்க மாட்டேன்" என்று பெருமாளுக்கு வேண்டிக்கொண்டாள். மூன்றாம் சனிக்கிழமை காலையில் ஆந்திரா பக்கத்திலிருந்து போன் வந்தது. தண்டபாணி அண்ணன் உயிரோடு இருந்தார். வந்த பிறகு அவரைக் கடல் பக்கமே இவள் விடவில்லை. அன்றிலிருந்து அவர் ஐஸ் ஃபேக்டரியில் வேலை.

அண்ணன் வந்த மறுநாளே வண்டியைத் திறந்தாள். மீன் குழம்பு வைத்தாகிவிட்டது, ருசி பார்க்க முடியாது. என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஐரீனு, நீ வேதக்காரி. உனுக்குப் புரட்டாசி கெடையாது. ரவ உப்பு பாத்துச் சொல்லுமே."

அப்போது நான் இருந்த நிலைமையையும் சொல்ல வேண்டும். அந்த ஆவணியில்தான் என் வீட்டுக்காரர் ஆரோக்கியம் மாரடைப்பில் போனார். காலையில் சட்டை மாட்டிக்கொண்டு டீ கேட்டவர், டீ ஆறுவதற்குள் இல்லை. எனக்கு யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன், தைக்கமாட்டேன். முத்தம்மா நீட்டிய தட்டை வேண்டாவெறுப்பாக வாங்கினேன். சாப்பிட்டுவிட்டு, "உப்பு சரியாதான் கீது" என்றேன். "நாளைக்கும் வருவேன், இருமே" என்று போய்விட்டாள்.

அப்படி ஆரம்பித்தது. ஒவ்வொரு புரட்டாசியும் முப்பது நாளும் என் வாசலுக்குத் தட்டு வரும். நானும் சும்மா இருக்கிற ஆளா? வருஷம் ஏற ஏற எனக்குத் தலைக்கனம் ஏறியது. "ரவ உப்பு போடு", "இன்னிக்கிக் கொஞ்சம் தூக்கலு, நாளைக்கிப் பாத்துப் போடு" என்று அதிகாரம் செய்வேன். நான் உப்பு போடச் சொன்னால் அவள் தலையை ஆட்டிவிட்டு, டப்பாவுக்குள் கையை விட்டு, சட்டியின் மேல் ஒரு உதறு உதறுவாள். "புரட்டாசி மாசம் முத்தம்மா கடை ஓடறதே என் நாக்கு மேலதான்" என்று சந்தில் எல்லோரிடமும் மார்தட்டிக்கொண்டேன். அவள் ஒரு நாளும் இல்லை என்று சொன்னதில்லை.

இப்படியே போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. இந்த வருஷம் மழைநீர் வடிகால் தோண்ட ஆரம்பித்தார்கள். சாலையோரக் கடைகள் எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். முத்தம்மா வண்டியை எதிர்ப்பக்கம் தள்ளினாள், அங்கேயும் தோண்டினார்கள். பாலத்தடிக்குத் தள்ளினாள், அங்கே நிற்கக்கூடாது என்றார்கள். கடைசியில் வண்டி எங்கள் சந்துக்குள் என் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஒரு மாதம் அதன் மேல் துணி காயப்போட்டோம். அதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருபது வருஷம் இந்தத் துறைமுகத்துக்கே சோறு போட்டவளை ஓரமாக நில் என்று சொல்ல எல்லோருக்கும் வாய் வருகிறது, எங்கே நிற்பது என்று சொல்ல ஒருத்தருக்கும் வரவில்லை.

அப்போதுதான் முத்தம்மாவின் மகள் அம்மு செல்போனில் ஒரு செய்தியைக் காட்டினாள். அம்மு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள், இருபத்து நாலு வயது, அம்மாவைப் போலவே சத்தமில்லாதவள். திருவொற்றியூர் கடலோர மைதானத்தில் வடசென்னைக் கலைவிழா. கானா, பறை, சிலம்பம், கேரம், குத்துச்சண்டை எல்லாம் உண்டு. கூடவே சாலையோரக் கடைக்காரப் பெண்களுக்கு மீன் குழம்புப் போட்டி. ஜெயிக்கிறவருக்குக் கடலோரம் புதிதாகக் கட்டுகிற சாப்பாட்டுக் கடை வரிசையில் ஒரு கடை. கூரை போட்டது, தண்ணீர்க் குழாய் வைத்தது, யாரும் எழுப்ப முடியாத கடை.

"எப்போ வெக்கறாங்க?" என்று கேட்டாள் முத்தம்மா.

"ஐப்பசி கடைசீலமா."

"அப்ப பேரு குடு" என்றாள்.

அம்மு பெயர் கொடுத்தாள். ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்தார்கள், அதில் முத்தம்மாவும் ஒருத்தி. எங்கள் சந்தே துள்ளியது. நான் அவளுக்கு ஊதா நிறத்தில் ஜாக்கெட் தைத்தேன்.

விழாவுக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருக்கும்போது இடி விழுந்தது. பருவமழை முன்னதாக வரும் என்று ரேடியோவில் சொன்னார்களாம். கமிட்டிக்காரர்கள் நகரத்தின் தெற்குக் கோடியில் ஏசி அறையில் உட்கார்ந்து விழாவை முன்னால் இழுத்துவிட்டார்கள். புதுத் தேதியைக் காலண்டரில் பார்த்தேன். புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை!

ஐயே! வீட்டுக்கு வீடு நாமம் போட்டுக்கொண்டு 'கோவிந்தா' என்று சொம்பைத் தூக்குகிற நாள். மெட்ராஸில் பாதிப் பேர் மீன் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்காத நாள். அன்றைக்கு மீன் குழம்புப் போட்டி வைக்க இவர்களால்தான் முடியும். போன் போட்டுக் கேட்டேன். "அன்னிக்குத்தாங்க மைதானம் காலியா கிடைச்சது" என்றார் ஒருவர். கிடைக்காமல் என்ன? காலியாகத்தான் இருக்கும்!

அது போகட்டும். அம்மு விதிகளைப் படித்துக் காட்டியபோதுதான் எனக்குத் தலை சுற்றியது. போட்டியாளர் தனியாகச் சமைக்க வேண்டும். சாமான் எல்லாம் விழாக்குழுவே கொடுக்கும். சமைத்ததை நடுவர்கள் முன்னிலையில் முதலில் தானே உண்டு காட்ட வேண்டும்.

நான் உப்புப் பார்க்க முடியாது, அவள் சாப்பிட்டே ஆக வேண்டும்.

"ஒரு வாய் வெச்சிட்டுத் துப்பிடுமே" என்றேன். "பெருமாளுக்கு ஆயிரம் வேல கீது. உன் வாயத்தான் பாத்துகினு இருப்பாரா?"

"வெக்க மாட்டேன்."

"கடை போயிடும்மே! அப்பறம் உன் பெருமாளா வந்து கடை வெச்சிக் குடுப்பாரு?"

சொல்லியிருக்கக் கூடாது. கோபம் வந்தால் எனக்கு முன்னே பின்னே தெரியாது. முத்தம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். வண்டி நின்றதிலிருந்து ஐஸ் ஃபேக்டரிக்கு மட்டும் வீட்டிலேயே சமைத்து அனுப்பிக்கொண்டிருந்தாள்; மறுநாள் என் தட்டு அம்மு கையில்தான் வந்தது.

அன்று சாயங்காலம் தண்டபாணி அண்ணன் வாசலில் குந்திக்கொண்டு அவளிடம் பேசியது என் வீட்டுக்குள் கேட்டது.

"முத்து, நீ நேந்துகினது எனுக்காவ. நானே சொல்றேன், இந்த ஒரு நாள் வுட்டுடு. நான்தான் வந்துட்டேனே, இருபது வருசமா உன் எதுருலயேதான் கீறேன்."

"நீ வந்ததுக்குத்தான்யா இது" என்றாள் அவள். "பதினோரு நாளு அந்தக் கரையில நின்னேன். கேட்டத அவரு குடுத்துட்டாரு. குடுத்த அப்பால வாக்க மாத்தறது கலீஜு வேல. கடை இல்லன்னா இன்னாயா? கை கீது."

மெஷினில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். எழுந்து போய் மன்னிப்புக் கேட்க மட்டும் எனக்கு வரவில்லை.

மூன்றாம் சனிக்கிழமை வந்தது. கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறி திருவொற்றியூரில் இறங்கினோம். முத்தம்மா தலைக்குக் குளித்து, நெற்றியில் நாமம் இட்டு, நான் தைத்த ஊதா ஜாக்கெட்டோடு வந்திருந்தாள். ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டாளே, கோபம் பாதி போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மைதானத்தில் கூட்டம் இல்லாமல் இல்லை. பறைக்கும் சிலம்பத்துக்கும் நல்ல கூட்டம். ஆனால் சாப்பாட்டுப் பக்கத்தைப் பார்க்க வேண்டுமே! நவராத்திரிச் சுண்டல் விற்கிறவர் முன்னால் வரிசை வளைந்து வளைந்து நின்றது. மீன் வறுவல் கடைகளில் விற்கிறவர்களே விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நெற்றியில் நாமம் போட்ட ஆட்கள் அந்தப் பக்கம் கடக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். மேடையில் இருந்த கானாப் பாடகர் வெற்றி, வியாசர்பாடிக்காரர், இதையெல்லாம் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பாரா? டோலக்கைத் தட்டி அங்கேயே ஒரு பாட்டைக் கட்டிவிட்டார்.

"புரட்டாசி மாசத்துல மீனுக்கெல்லாம் ஜாலி,
போட்டி வெச்ச புண்ணியவான் மூளையோ காலி!"

கூட்டம் விசில் அடித்தது. நானும் அடித்தேன். கமிட்டி அம்மா ஒருவர் கையில் ஃபைலோடு முகம் சிவக்க நின்றிருந்தார்.

போட்டி தொடங்கியது. ஐந்து அடுப்பு, ஐந்து மண்சட்டி. சங்கரா மீன் கொடுத்தார்கள். நான் மூங்கில் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொடுத்த சாமான்களை முத்தம்மா ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தாள். உப்பு பாக்கெட் தூள் உப்பு. அவள் பிறந்ததிலிருந்து கல் உப்பில் சமைத்தவள். கல் உப்பென்றால் அவளுக்குக் கை அளவு உண்டு. தூள் உப்பை எப்படி அளப்பாள்? புளியும் பாக்கெட் புளி. செத்தோம் என்று நினைத்தேன்.

முத்தம்மாவும் அந்த உப்பை ஒரு நிமிஷம் பார்த்தாள். உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி, விரலால் தேய்த்தாள். பிறகு பாக்கெட்டை ஓரமாக வைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள். நல்லெண்ணெய் காய்ந்தது. வெந்தயம் பொரிந்தது. சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி. புளித்தண்ணீரை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து ஒட்டிப் பார்த்தாள். மிளகாய்த்தூள் போட்டுக் கொதி வந்ததும் கொஞ்சம் உப்பைத் தூவினாள். குனிந்து ஆவியைக் கையால் முகத்துக்கு அள்ளி மோந்தாள். இன்னும் கொஞ்சம் தூவினாள். மறுபடி மோந்தாள்.

மற்ற நான்கு பேரும் கரண்டியிலிருந்து உள்ளங்கையில் சொட்டவிட்டு நக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவள் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். கடைசியில் மீனைப் போட்டாள். கரண்டி படாமல் சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். எண்ணெய் மேலே மிதந்தது. கரண்டியால் விளிம்பில் ஒரு தட்டு தட்டினாள்.

தலைமை நடுவர் ராமதாஸ், ஒரு பெரிய ஓட்டலில் தலைமைச் சமையல்காரர். வெள்ளைக் கோட்டு, சிரிக்காத முகம். நான்கு பேர் தங்கள் குழம்பைச் சாப்பிட்டுக் காட்டினார்கள். முத்தம்மாவின் முறை வந்தது. ஒரு கிண்ணத்தில் ஊற்றி நடுவர் முன்னால் வைத்தாள். தான் சாப்பிடவில்லை.

"நீங்க முதல்ல சாப்பிடணும்மா" என்றார் கமிட்டி அம்மா.

"நான் வாயில வெக்க மாட்டேம்மா. நேந்துகினு கீறேன்."

"விதியில போட்டிருக்கு. சாப்பிடலன்னா போட்டியில இல்லன்னு அர்த்தம்."

"சரிம்மா" என்றாள் முத்தம்மா. கிண்ணத்தைத் திரும்ப எடுக்கப் போனாள்.

அந்தச் 'சரிம்மா'வைக் கேட்டதும் எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்த வெறி. ஐம்பத்தாறு வயதில் மூங்கில் தடுப்பைத் தாண்டினேன். புடவை மாட்டி டர்ரென்று கிழிந்தது.

"இன்னா சரி? எத்துக்குச் சரின்றே?" என்று கத்தினேன். "மூணாம் சனிக்கெயமல மீன் போட்டி வெச்சது யாரு தப்பு? அவ தப்பா? நான் துன்றேன்! இருபது வருசமா இவ கொயம்புக்கு உப்பு பாத்தவ நான்தான். செத்தா என்ன வந்து கேளுங்க!"

கூட்டம் "துன்னட்டும், துன்னட்டும்" என்று கத்தியது. கமிட்டி அம்மா காவலாளியைக் கூப்பிட்டார். ராமதாஸ் கையைத் தூக்கினார், சத்தம் அடங்கியது. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. முத்தம்மாவைப் பார்த்தார்.

"ஒரு சொட்டுகூட ருசி பார்க்கலையா?"

"இல்ல சார்."

"பிறகு உப்பு எப்படிம்மா பார்த்தீங்க?"

"மோந்து பாத்தேன் சார்."

"மோந்தா உப்பு தெரியுமா?"

"உப்பு பத்தலன்னா புளி மட்டும் தனியா மூக்குல ஏறும் சார். உப்பு சேந்துச்சுன்னா அல்லாம் ஒண்ணா வரும்."

அவருக்கு நம்பிக்கையில்லை. எனக்கும்தான் இல்லை. இருபது வருஷம் என் நாக்கில் கடை நடத்தியவள் இப்போது என்னவோ அளக்கிறாளே என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். ராமதாஸ் அவளை மற்ற நான்கு சட்டிகளின் பக்கம் அழைத்துக்கொண்டு போனார். காவலாளி என் கையைப் பிடித்திருந்தாலும் நானும் கூடவே போனேன்.

"எங்க, இதுல என்னன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று மைக்கை அவள் வாயருகே நீட்டினார்.

முத்தம்மா மைக்கைக் கையால் தள்ளினாள். "இதுல வாணாம் சார். அவங்களும் ரோட்டுல கடை போட்டுப் பொயக்கறவங்கதான். உங்க காதுல சொல்றேன்."

நானாக இருந்தால் மைக்கில்தான் சொல்லியிருப்பேன், ஊருக்கே கேட்கிற மாதிரி!

முதல் சட்டியை மோந்தாள். "உப்பு ரவ கம்மி" என்றாள் மெல்ல. அவர் ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிட்டார். இரண்டாவது சட்டி. "இதுல அல்லாம் சரியா கீது. வெந்தயம் மட்டும் கருகிடுச்சு." சாப்பிட்டார். புருவம் ஏறியது. மூன்றாவது. "உப்பு ஜாஸ்தி. அப்பால தண்ணி ஊத்திக்கீறாங்க, அது பச்சத் தண்ணி." சாப்பிட்டார். அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார், அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான்காவது. "இது ஷோக்கா கீது சார். குறையே இல்ல." சாப்பிட்டார், தலையை ஆட்டினார்.

"உங்க குழம்பு?" என்று கேட்டார்.

வெற்றிகூட டோலக்கை மடியில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். நான் மாதாவைக் கூப்பிட்டேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லித் தொலையேன்!

"உப்பு சரியா கீது சார்" என்றாள் முத்தம்மா. "புளி ஒரு துளி தூக்கலு. பாக்கெட் புளி எனுக்குப் பயக்கமில்ல."

பாவி மகள், தன் குழம்பைப் பற்றித் தானே குற்றம் சொல்கிறாளே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ராமதாஸ் அவள் கிண்ணத்தை எடுத்தார். ஒரு கரண்டி குடித்தார். கண்ணை மூடினார். இன்னொரு கரண்டி. பிறகு மீனைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். கிண்ணம் காலியானது.

"முப்பது வருஷமா சமைக்கறேன்" என்றார் கடைசியில். "அவங்க சொன்னதுக்கு அப்பறம்தான் அந்தப் புளியே எனக்குத் தெரியுது."

"சார், விதி..." என்று கமிட்டி அம்மா ஃபைலைத் திறந்தார்.

அப்போது தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல். சத்தமே போடாத அம்மு, செல்போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "மேடம், கடைசி விதியும் படிங்க! 'நடுவர் முடிவே இறுதியானது.' நீங்கதான் போட்டுக்கீறீங்க!"

ராமதாஸ் அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார். மைக்கை வாங்கினார்.

"சமைச்சவங்களுக்குத் தன் குழம்போட ருசி தெரியணும்னுதான் அந்த விதி. இந்த அம்மாவுக்குத் தன்னோட குழம்பும் தெரியும், அடுத்தவங்க குழம்பும் தெரியும். இவங்க போட்டியில இருக்காங்க. இவங்கதான் ஜெயிச்சாங்க."

பிறகு என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்ல என்னால் முடியாது. பறைக்காரர்கள் யார் சொல்லியும் காத்திருக்கவில்லை, அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நாமம் போட்டவர்கள், போடாதவர்கள் எல்லோரும் ஆடினார்கள். தண்டபாணி அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார். குழம்பு சரியாக இருந்த அந்த நான்காவது பெண் ஓடிவந்து முத்தம்மாவைக் கட்டிக்கொண்டாள். வெற்றி மேடையின் நுனிக்கு வந்து பாடினார்.

"நாக்குல படாம கொயம்பு வெச்சது யாரு?
கல்மண்டபம் முத்தம்மாக்கா, கையத் தட்டிக் கூறு!"

தட்டினார்கள். எண்ணூர்வரை கேட்டிருக்கும். நானும் கிழிந்த புடவையைச் சொருகிக்கொண்டு ஆடினேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஆரோக்கியம் போனதற்குப் பிறகு நான் ஆடியது அன்றைக்குத்தான்.

ரயிலில் திரும்பும்போது ஜன்னலோரம் முத்தம்மாவும் பக்கத்தில் நானும் உட்கார்ந்திருந்தோம். அவள் மடியில் கடைக்கான கடிதம். எனக்குள் வேறு ஒன்று குடைந்துகொண்டிருந்தது. அடக்கிப் பார்த்தேன், என்னால் எதைத்தான் அடக்க முடிந்திருக்கிறது?

"இன்னாமே, மோந்தா மட்டும் உன் பெருமாளு கண்டுக்க மாட்டாரா?"

"நாக்குலன்னுதான் நேந்துகினேன். மூக்குலன்னு சொல்லல."

"சரி. மோந்தே உப்பு தெரியும்னா, இருபது வருசமா என்ன எத்துக்குமே உப்பு பாக்கச் சொன்னே?"

அவள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள்.

"ஆரோக்கியம் அண்ணன் போயி ஒன்றர மாசம் ஆயிருந்துச்சு" என்றாள். "உன் வூட்டுல அடுப்பு எரியல. நீ துன்ல. துன்னுன்னு நான் சொன்னா என்ன வாயில வந்தபடி திட்டுவே. உப்பு பாருன்னு சொன்னா ஒண்ணியும் சொல்லாம துன்னே. அதான்."

உப்புப் பார்க்க ஒரு சொட்டுப் போதுமே. அவள் கொண்டுவந்தது தட்டு நிறையச் சோறு, மேலே குழம்பு, ஓரத்தில் இரண்டு துண்டு மீன். இருபது வருஷம். உப்புப் பார்க்கச் சோறு எதற்கு என்று இந்தப் பெரிய வாய்க்காரி ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. என்னால்தான் கடை ஓடுகிறது என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்!

"அப்ப நான் உப்பு போடுன்னு சொன்னப்பல்லாம் போட்டியே?"

"வெறுங்கையத்தான் ஒதறுனேன்" என்றாள் முத்தம்மா. சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. நான் அவள் தோளில் ஒரு அடி வைத்தேன். பிறகு அந்தத் தோளிலேயே முகத்தை வைத்து அழுதேன். அவளும் அழுதாள். எதிர் சீட்டில் இருந்தவர்கள், சண்டையா சமாதானமா என்று புரியாமல் விழித்தார்கள்.

"அன்னிக்குப் பெருமாளப் பத்தி நான் அப்படிச் சொல்லிருக்கக் கூடாதுமே" என்றேன்.

"வுடு. அவரு உன் பேச்சுல கோச்சிக்க மாட்டாரு. நானே கோச்சிக்கல."

ஐப்பசி பிறந்த மூன்றாம் நாள் கடையைத் திறந்தாள். கடல் தெரிகிற இடம். மேலே கூரை, பக்கத்தில் குழாய், பெயர்ப்பலகையில் 'முத்தம்மா மீன் குழம்புச் சோறு'. புரட்டாசி முடிந்துவிட்டது, ஊரே மீனுக்கு ஏங்கி வந்து வரிசையில் நின்றது. கல்மண்டபத்து லாரிக்காரர்கள் திருவொற்றியூர்வரை வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். நான் தையல் மெஷினைப் பூட்டிவிட்டு முதல் ஆளாகப் போய் நின்றேன். இனி அவளே நாக்கில் வைத்துப் பார்க்கலாம். நோன்பு முடிந்தாயிற்று.

கரண்டி விளிம்பில் ஒரு தட்டு தட்டியது. வரிசையில் நின்ற எல்லோரையும் தாண்டி என் முன்னால் ஒரு தட்டு வந்தது. தட்டு நிறையச் சோறு, குழம்பு, ஓரத்தில் இரண்டு துண்டு மீன்.

"உப்பு பாத்துச் சொல்லுமே" என்றாள்.

முழுவதும் சாப்பிட்டேன். விரலையும் நக்கினேன். லாரிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரவ கம்மி" என்றேன்.

முத்தம்மா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தலையை ஆட்டினாள். டப்பாவுக்குள் கையை விட்டாள். என் கண்ணெதிரே, ஒன்றுமில்லாத கையைச் சட்டியின் மேல் ஒரு உதறு உதறினாள்.